பேரே பணியான கோயில்பிள்ளை

“அது உத்தியோகம் இல்லே, எங்க அம்மை வச்ச பேருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…”

“சொல்லத்தான் வாயைத் தொறந்தேன், அதுக்குள்ள அவரு…”

“தொறந்த வாய் தொறந்தபடியே நின்னுட்டுதாக்கும்.”

“சாவியைக் கையில வச்சுட்டாரு, சுகிர்தம்.”

“வச்சா? மூடாம இருக்கணும். உங்க கை உங்க பேச்சைக் கேக்காதா?”

“அதுவா மூடிக்கிட்டுது.”

சுகிர்தம்மாள் கருவாட்டுக் குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, மூடியைச் சத்தம் கேட்கப் போட்டார். எட்டு வயது மகள் சலோமி அப்பாவின் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரவள்ளிக் கிழங்கு உரித்துக் குவித்த முறத்தின் மேல், விரல் நீளத்தில் ஒரு இரும்புச் சாவி கிடந்தது. சண்டை அதற்காகத்தான்.

நடந்தது இது. மலாயாவில் பேராக் பக்கம் புக்கிட் செராய் என்றொரு ரப்பர் தோட்டம். அங்கே வேலை செய்த தமிழர்களில் கத்தோலிக்கர் முப்பது குடும்பம் இருந்தார்கள். புரொட்டஸ்டண்டுச் சபையைச் சேர்ந்தது ஒரே ஒரு குடும்பம், தென்தமிழ்ச் சீமையில் நாசரேத் என்ற ஊரிலிருந்து வந்த இந்த மூன்று பேர். கத்தோலிக்கருக்கு, ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு மேலே மேட்டில் அத்தாப்பு ஓலை வேய்ந்த சின்னக் கோயில் ஒன்று உண்டு. அதைத் திறந்து பெருக்கி, மணியடித்து, சாமியார் வராத நாளில் செபம் சொல்லிக்கொடுக்கிறவரை அவர்கள் கோயில்பிள்ளை என்பார்கள். அவர்களுக்கு அது ஒரு வேலையின் பேர். நாசரேத்திலோ அந்த வேலை செய்கிறவர் கோயில்குட்டியார். கோயில்பிள்ளை என்பது அங்கே வெறும் ஆள் பேர்தான், தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். சுகிர்தம்மாளின் கணவருக்கும் அதுவே பேர்.

பழைய கோயில்பிள்ளை கப்பலேறி ஊருக்குப் போய்விட்டிருந்தார். அன்று காலை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் பிரெஞ்சுக்காரச் சாமியார், ஆட்களுக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கே நேராக வந்து, “கோயில்பிள்ளை எவர்?” என்று கேட்டார். புதிதாக யாரை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். கூட்டம் மொத்தமும் திரும்பி இவரைப் பார்த்தது. “நான்தான், ஐயரே” என்றார் இவர். நாசரேத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்லிப் பழக்கம். இன்னும் இரண்டு தோட்டம் போக வேண்டிய அவசரத்தில் சாமியார் அதைக் கவனிக்கவில்லை. சாவியைக் கையில் வைத்தார். நெற்றியில் சிலுவை வரைந்தார். வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

கோயில்பிள்ளை அந்தத் தோட்டத்தில் செய்துவந்த வேலை மற்ற வேலைக்கெல்லாம் கீழே இருந்தது. வந்த வருஷமே குளிர்காய்ச்சல் அவருடைய கால் பலத்தை எடுத்துக்கொண்டது. மேடு பள்ளம் ஏறி இறங்கி மரம் மரமாகப் பால் வெட்ட முடியாதவரைப் பால் ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார்கள். மரத்துப் பாலைத் திராவகம் விட்டு உறைய வைக்கிற தட்டுகளைத் தேய்த்துக் கழுவுவதும், கழிவை வாய்க்காலில் தள்ளிவிடுவதும் அவர் பாடு. அந்தப் புளித்த நாற்றம் எத்தனை சவுக்காரம் போட்டாலும் போகாது. அவர் லயத்துக்கு வருவது, ஆள் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடும். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். அவரோ தட்டு தேய்க்கும்போதே வேதபுத்தகத்துச் சங்கீதம் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு தட்டுக்கு ஒரு வசனம். நீண்ட சங்கீதமாக எடுத்தால்தான் ஒரு நாள் வேலைக்குக் காணும் என்பார். வாயிலே கர்த்தருடைய துதி இருக்கும்போது மூக்கைப் பற்றி அவர் கவலைப்பட்டதே கிடையாது.

“நம்ம சபை என்ன, அவிய சபை என்ன?” சுகிர்தம்மாள் விடுவதாக இல்லை. “சுரூபம் வச்சுக் கும்பிடுத கோயிலுக்கு நீங்க விளக்குப் பொருத்தப் போறியளா? எங்க அண்ணன் ஊருல நம்ம சபைக்கு உபதேசியாரு. கேட்டா என்ன சொல்லுவாரு?”

“எனக்கு முன்னால பெறந்த மூணும் தங்கலே” என்றார் கோயில்பிள்ளை. “நாலாவது தங்குனா கோயிலுக்குன்னு எங்க அம்மை நேந்துகிட்டா. தங்குனேன். பேரை வச்சா. வேலையைக் குடுக்க மறந்துட்டா. முப்பத்தாறு வருசம் கழிச்சு ஒருத்தர் இன்னைக்கு அந்த வேலையைக் குடுக்காரு. வேண்டாம்னு எப்படிச் சொல்லட்டும்?”

“அவரு ஆளு மாறிக் குடுத்துட்டுப் போயிட்டாரு.”

“ஆளு மாறலே. சபைதான் மாறிப்போச்சு.”

சுகிர்தம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு தட்டைத் தள்ளிவைத்தார். “சாப்பிட்டுட்டுப் போயிக் கங்காணியார்ட்டே உள்ளதைச் சொல்லிட்டு வாங்க. பொய்யில நிக்கக் கூடாது.”

அதில் இருவருக்கும் வேறு எண்ணம் இல்லை. கோயில்பிள்ளை போனார்.

இஞ்ஞாசிக் கங்காணியார்தான் ஆட்களுக்கெல்லாம் மேலாள். கோயில் காரியத்திலும் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. கதையைக் கேட்டு இருமல் வரும்வரை சிரித்தார்.

“பதிதன் கையிலயா சாமி சாவியைக் குடுத்திருக்காரு? நல்லா இருக்குய்யா.” பதிதர் என்றால் வழி தவறிப் போனவர்கள் என்று அர்த்தம். புரொட்டஸ்டண்டுக்காரர்களைக் கத்தோலிக்கர் அந்த நாளில் அப்படித்தான் ஏசுவார்கள். “சாமி குடுத்ததை நான் புடுங்க முடியாது. மூணு மாசத்துல வருவாரு, அவருகிட்டயே சொல்லிக்க. அது வரைக்கும் மணியை அடி, பெருக்கு. செபம் நாங்க பாத்துக்கறோம். ஒண்ணு மட்டும் சொல்றேன், உன் ஸ்டோர் நாத்தம் கோயிலுக்குள்ள வரக் கூடாது.”

“கர்த்தர் மாட்டுத் தொழுவத்துல பெறந்தவரு, கங்காணியாரே. அவருக்கு இது ஒண்ணும் புதுசில்லே” என்று சொல்லிவிட்டுக் கோயில்பிள்ளை மேட்டில் ஏறினார்.

அன்றிலிருந்து அவருடைய நாள் இப்படி நடந்தது. விடியுமுன் கோயிலைத் திறப்பார். இரவெல்லாம் வௌவால் போட்ட எச்சத்தைச் சுரண்டி எடுப்பார். வாசலில் ரம்புத்தான் மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுதான் மணி. அதை விடிகாலையிலும் நடுப்பகலிலும் பொழுது சாயும்போதும் அடிப்பார். அப்போது சொல்ல வேண்டிய கத்தோலிக்கச் செபம் அவருக்குத் தெரியாது. கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லுவார். அது இரண்டு சபைக்கும் பொதுதானே. ஸ்டோரில் நடுப்பகல் சங்கு ஊதினால் மற்றவர்கள் சோற்றுத் தூக்கைத் திறப்பார்கள். அவர் காலை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறுவார்.

பீடத்தில் மாதா சுரூபம் ஒன்று இருந்தது. கப்பலில் வரும்போதே மூக்கு நுனி உடைந்திருந்தது. அதன் முன்னால் அவர் முழங்கால் போட்டதில்லை. ஆனால் தினமும் துணியால் துடைத்து, செம்பருத்திப் பூ மாற்றி வைத்தார்.

“இப்ப பூ வேறயா?” என்றார் சுகிர்தம்மாள்.

“அந்த அம்மா பெத்த பிள்ளையை நாம கும்பிடுதோம். அவிய முகத்துல தூசி படிஞ்சா தொடைக்கக் கூடாதா?”

கோயில் மேட்டுக்குச் சுகிர்தம்மாள் ஒருநாளும் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து, வேதபுத்தகத்தை மடியில் விரித்து, மேட்டிலே கேட்கும்படி கீர்த்தனை பாடுவார். மேலே அவர்கள் செபமாலை சொல்ல, கீழே இவர் பாட, நடுவே மழை பெய்ய, எல்லாம் ஒன்றாகத்தான் மேலே போயிருக்கும்.

சலோமிக்குத்தான் திண்டாட்டம். கத்தோலிக்கப் பிள்ளைகள் ‘சேசு’ என்பார்கள். வீட்டிலே ‘இயேசு’. ஒருநாள் குடும்ப ஜெபத்தில் வாய் தவறிச் ‘சேசுவே’ என்று ஆரம்பித்துவிட்டு, அம்மா தொடையில் கிள்ளியதும் நிறுத்தினாள்.

“அப்பா, சேசுவும் இயேசுவும் அண்ணன் தம்பியா?”

“ஒரே ஆளுதான், ஏட்டி. உன்னை வீட்டுல சலோமிங்கோம், வெளியில ஸ்டோர்க்காரர் மவளுங்காவ. ரெண்டு கூப்பாட்டுக்கும் நீதானே ஓடியாற?”

மூன்று மாதம் முடியுமுன் ஊரிலிருந்து கடிதம் வந்தது. சுகிர்தம்மாளின் அண்ணன் உபதேசியார் எழுதியிருந்தார். தோட்டத்திலிருந்து ஊருக்குப் போனவர்கள் யாரோ சொல்லி விஷயம் எட்டிவிட்டது. சுரூபத்துக்குப் பூ வைக்கிறவர் இனி எங்கள் வீட்டுப் பந்தியில் உட்கார வேண்டாம் என்று எழுதி, தங்கையின் பேரை மட்டும் மேலே போட்டு, மைத்துனர் பேரை எழுதாமலே விட்டிருந்தார். சுகிர்தம்மாள் அதை இரண்டு தடவை படித்தார்.

“ரெண்டு பக்கமும் நம்மளை விட்டாச்சு” என்றார். “அவியளுக்கு நாம பதிதரு. நம்ம ஆளுவளுக்கு விக்கிரகக்காரரு. திருப்தியா?”

“வாசல்ல நிக்குதவனுக்கு ரெண்டு பக்கமும் முதுகுதான் தெரியும்” என்றார் கோயில்பிள்ளை. “கடுதாசியை மடிச்சு வையி. கோவம் தீந்ததும் பேரு எழுதுவாரு.”

சாமியார் வந்தார். வண்டியை நிறுத்தும் முன்பே கோயில்பிள்ளை போய் நின்றார். “சாமி, ஒரு காரியம் சொல்லணும்.” பூசைக்குப் பிற்பாடு என்று சாமியார் கையமர்த்திவிட்டார். பிரசங்கத்துக்கு முன் எல்லாரும் நெற்றியில் கைவைத்து, ‘பிதா, சுதன், இஸ்பிரித்துசாந்து’ என்றார்கள். வாசலோரம் நின்ற கோயில்பிள்ளையின் வாயில் அவர் பிறந்ததிலிருந்து பழகின வார்த்தைதான் வந்தது. ‘பிதா, குமாரன், பரிசுத்த ஆவி’ என்று, எல்லாரும் நிறுத்தின பிறகு, ஒற்றைக் குரலாக. கோயிலே திரும்பிப் பார்த்தது. சாமியாரும் பார்த்தார்.

பூசை முடிந்ததும் அவரே அழைத்தார். அவருடைய தமிழ் புத்தகத் தமிழ். “நீர் எந்தச் சபை?”

கோயில்பிள்ளை உள்ளதைச் சொன்னார். பேர் வந்த கதையையும் சொன்னார். சாமியார் கடுமையான மனிதர் அல்ல. சாவியைக் கேட்கக்கூட இல்லை. வௌவால் எச்சம் இல்லாத தரையைப் பார்த்தார், துடைத்த சுரூபத்தைப் பார்த்தார்.

“நீர் நல்லவர். ஆனால் வெளியே நிற்கிறீர். உள்ளே வாரும். நான் உமக்கு ஞானஸ்நானம் தருகிறேன். சாவி உம்மிடமே இருக்கட்டும்.”

“நான் குழந்தையிலேயே வாங்கியாச்சே, சாமி.”

“அது செல்லுமோ செல்லாதோ, யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்” என்றார் கோயில்பிள்ளை.

அவர் குரல் உயரவில்லை. கங்காணியார்தான் உயர்த்தினார். “சாமிகிட்ட எதுத்தா பேசுற? எவ்வளவு பெரிய காரியம் தர்றாரு. குனிஞ்சு வாங்கிக்கய்யா. தட்டுக் கழுவுறவனுக்கு இதைவிட என்ன வேணும்?”

“கங்காணியாரே, சாவி வேணும்னு எனக்கு ஆசைதான். இதுக்காக எதை வேணும்னாலும் குடுப்பேன். அந்தத் தண்ணியை மட்டும் இல்லேன்னு சொல்ல மாட்டேன். மூணு பிள்ளையை மண்ணுக்குக் குடுத்தவ என்னைத் தூக்கிட்டுப் போயி நின்னு ஊத்த வச்ச தண்ணி அது. அது செல்லாதுன்னு நானே சொன்னா, அவளைப் பொய்க்காரி ஆக்குனது மாதிரி.”

சாவியை இடுப்பு முடிச்சிலிருந்து அவிழ்த்தார். வாசற்படியில் வைத்தார். படியிறங்கும்போது கால் ஒருமுறை மடங்கியது. யாரும் பிடிக்கவில்லை. சாவி கங்காணியாரின் அக்காள் மகன் சவரிநாதனுக்குப் போயிற்று.

லயத்தில் அன்று சிரிப்புக்குக் குறைவில்லை. பேருக்கு ஏற்ற வேலை போச்சு, இனிப் பேரையாவது மாத்திக்க என்றார்கள். சுகிர்தம்மாள் சிரித்தவர்களையெல்லாம் தாண்டி வந்து கணவருக்கு முன்னால் சோற்றை வைத்தார்.

“நீங்க வாங்கியிருந்தா நான் இந்தச் சோத்தை வச்சிருக்க மாட்டேன்” என்றார். அவர் வாயால் வந்த முதல் பாராட்டு அதுதான்.

சவரிநாதன் வாலிபர். டவுன் மேலே கண். கோயில் திறந்தால் திறந்தது, இல்லாவிட்டால் இல்லை. நாலாம் நாள் நடுப்பகல் தண்டவாளத்தில் சத்தமே எழவில்லை. ஐந்தாம் நாள் எழுந்தது. கங்காணியார் மேட்டேறிப் பார்த்தால், கோயில்பிள்ளை அடித்துக்கொண்டிருந்தார். கோயிலைச் சுற்றிப் புல் பறித்துக் கிடந்தது. மழைத்தண்ணீர் சுவரை அரிக்காமல் புதிதாக வாய்க்கால் வெட்டியிருந்தது.

“சாவியைத்தான் வாங்கியாச்சுல்ல. இன்னும் என்ன வேலை உனக்கு இங்க?”

“சாவி கதவுக்கு. மணிக்குப் பூட்டு இல்லையே.”

“இது எங்க கோயில்.”

“கோயில் உங்களது. மழை யாரோடது? ஒழுகுனா உள்ள இருக்கவருக்குத்தான் நனையும்.”

“அடிச்சு வெரட்டுவேன்.”

“வெரட்டுங்க. நாளைக்கு நடுப்பகல்ல வருவேன். அப்பவும் வெரட்டுங்க.”

கங்காணியார் தண்டவாளத்தை அடிக்கிற இரும்புக் கம்பியைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். மறுநாள் கோயில்பிள்ளை ஒரு கல்லால் அடித்தார். கல்லைக் காட்டில் எறிந்தார்கள். தோட்டத்தில் கல்லுக்கா பஞ்சம்? அடுத்த நாள் வேறு கல். ஒரு வாரத்தில் கங்காணியாருக்கே அலுத்துவிட்டது. ஸ்டோரில் அவரை இன்னும் கீழான வேலைக்குத் தள்ளப் பார்த்தார். அதற்குக் கீழே வேலை இல்லை.

இப்படியே மழைக்காலம் வந்தது. ஒருநாள் காலையிலிருந்து வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. ஆற்றுப்பாலம் முங்கிவிட்டது. டவுனுக்குப் போன சவரிநாதன் அக்கரையிலேயே நின்றுவிட்டார். அன்று கங்காணியாரின் மகள் மிக்கேலம்மாளுக்கு வலி எடுத்தது. பிள்ளைப்பேறு பார்க்கத் தோட்டத்தில் கைராசிக்காரர் சுகிர்தம்மாள்தான். அந்த விஷயத்தில் மட்டும் யாரும் சபை கேட்பதில்லை. நடுப்பகலுக்குச் சற்று முன் ஆண்பிள்ளை பிறந்தது. நீலம் பாரித்திருந்தது, அழவில்லை. சுகிர்தம்மாள் காலைப் பிடித்துத் தட்டினார், வாயில் வாய் வைத்து ஊதினார். நெஞ்சு ஒருமுறை ஏறி, நின்று, யோசித்து, மறுமுறை ஏறியது.

“தங்குமான்னு தெரியல” என்றார் வெளியே வந்து.

கங்காணியார் மழையிலே ஓடினார். ஞானஸ்நானம் இல்லாமல் போகிற பிள்ளை மோட்சம் சேராது என்பது அவர் பயம். கோயில் பூமியில் அதற்குக் குழிகூடக் கிடைக்காது. சாமியார் முன்பொரு பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். ஆபத்து வேளையில் கோயில்பிள்ளை தண்ணீர் ஊற்றலாம், அவரும் இல்லாவிட்டால் யார் ஊற்றினாலும் செல்லும், வார்த்தையும் தண்ணீரும் சரியாக இருந்தால் போதும் என்று. ஓடுமுன் கங்காணியார் தானே ஊற்றப் பார்த்தார். வார்த்தை அடியோடு மறந்துபோயிற்று.

மேட்டிலே தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஒருவர் தண்டவாளத்தைக் கல்லால் அடித்துக்கொண்டிருந்தார். நடுப்பகல் ஆகியிருந்தது.

“கோயில்பிள்ளை எங்கேய்யா?”

“சவரிநாதன் தம்பி டவுனுக்குப் போயிருக்காரு” என்றார் கோயில்பிள்ளை.

கங்காணியார் மூடிக் கிடந்த கதவைப் பார்த்தார். மழையில் நிற்கிறவரைப் பார்த்தார். “நீ வா” என்றார். முன்னால் ஓடினார்.

லயத்து வாசலில் சுகிர்தம்மாள் பிள்ளையைத் துணியில் ஏந்தி நின்றார். காலை இழுத்துக்கொண்டு வந்த கணவர் கையை நீட்டப் போய், பின்னுக்கு இழுத்தார்.

“கை நாறும், சுகிர்தம்.”

“மழையில நீட்டுங்க. நேரம் இல்லே.”

கூரை விளிம்பிலிருந்து கொட்டின தண்ணீரில் கையைக் கழுவி, அதே தண்ணீரைச் சிரட்டையில் பிடித்தார். “பிள்ளைக்குப் பேரு?”

“இஞ்ஞாசி” என்றார் கங்காணியார். தாத்தா பேரைத்தான் வைப்பது வழக்கம். “இஸ்பிரித்துசாந்துன்னு சொல்லணும்யா. நீ உன் பாட்டுக்கு வேற எதையாவது சொல்லிடாதே…”

“என் தலையில ஊத்தும்போது சொன்ன வார்த்தைதான் என்கிட்ட இருக்கு. அதைத்தான் குடுப்பேன்.”

“அது இல்லைய்யா, எங்க வார்த்தை…”

“வாயை மூடும்” என்றார் சுகிர்தம்மாள் கங்காணியாரிடம். அந்தத் தோட்டத்தில் அவரிடம் அப்படிச் சொன்னவர் அதுவரை யாரும் இல்லை. “ஜெபம் நடக்குது.”

“இஞ்ஞாசி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்” என்று சொல்லிக் கோயில்பிள்ளை மூன்று தடவை தண்ணீர் ஊற்றினார். மூன்றாம் தடவை பிள்ளை காலை உதைத்தது. முகம் சுருங்கியது. பிறகு வீறிட்டது. அடுத்த லயத்துக்குக் கேட்கும்படி வீறிட்டது. உள்ளேயிருந்து மிக்கேலம்மாள், “என் பிள்ளையா அழுவுது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஐஸ் மாதிரித் தண்ணீர் பட்டால் எந்தப் பிள்ளையும் அழும் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் பிறகு சொன்னார். இருக்கலாம். மழைத்தண்ணீரை அனுப்புகிறவர் யார் என்று அவர் சொல்லவில்லை. ஐந்து வருஷமாக எந்தக் கைக்கு எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகினார்களோ அந்தக் கையை, அன்று தேவன் விலக்கவில்லை. பரிமளம் பூசின எத்தனையோ கைகள் இருக்க, புளித்த பால் நாறும் அந்தக் கையையே தமக்கென்று எடுத்து உபயோகித்தார். தாய் வைத்த பேரைப் பரலோகம் மறக்காமல் வைத்திருந்தது. கோயில்பிள்ளையின் எளிமையும் பெரிது. அவர் வளையாமல் நின்ற நிலை அதைவிடப் பெரிது.

பாலத்தில் தண்ணீர் வடிய மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை லயத்தில் ஒரே வாக்குவாதம். பதிதன் வார்த்தை செல்லுமா, செல்லாதா? ஆனால் மறுநாளே, கங்காணியார் கொண்டுபோன இரும்புக் கம்பி ரம்புத்தான் மரத்தடிக்குத் திரும்பி வந்திருந்தது.

சாமியார் வந்ததும் பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். ஜனம் வாசல் வரை நின்றது. பிள்ளை தன் கைமேல் பிறந்தது என்ற உரிமையில் சுகிர்தம்மாளும் அன்று முதல் தடவையாக மேடேறி, வாசற்படிக்கு வெளியே கணவர் பக்கத்தில் நின்றார்.

“தண்ணீர் தலைமேல் ஓடிற்றா?” என்று சாமியார் கேட்டார்.

“ஓடிச்சு, சாமி” என்றார் கோயில்பிள்ளை.

“வார்த்தை என்ன சொன்னீர்?”

சொன்னார், அதே வார்த்தையை, அதே ஒற்றைக் குரலில். கங்காணியார் கண்ணை மூடிக்கொண்டார்.

“செல்லும்” என்றார் சாமியார். “இது முழு ஞானஸ்நானம். இந்தப் பிள்ளைமேல் இனி ஒருவரும் இரண்டாம் முறை தண்ணீர் ஊற்றக் கூடாது. அது பாவம்.”

கங்காணியார் மடியிலிருந்து சாவியை எடுத்தார். சவரிநாதனிடமிருந்து எப்போது வாங்கினாரோ தெரியாது. இரண்டு கையாலும் சாமியாரிடம் நீட்டி, “இவருகிட்டயே இருக்கட்டும் சாமி. நான் கேக்குறேன்” என்றார். இவர் என்ற வார்த்தையைக் கோயில்பிள்ளையைப் பற்றி அவர் சொன்னது அதுவே முதல் தடவை.

சாமியார் சாவியை வாங்கிக்கொண்டார். “எனக்கும் அதுவே விருப்பம்” என்றார். “ஆனால் முறை ஒன்று இருக்கிறது. கோயில்பிள்ளை, நீர் முதலில் ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ளும்.”

கோயில்பிள்ளை தலை நிமிர்ந்தபடி நின்றார். சுகிர்தம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வாசற்படியில் ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தார்.

“சாமி, இவிய கையால ஊத்துன தண்ணி அந்தப் பிள்ளையை மோட்சத்துல சேக்கும்னா, இவிய தலையில ஊத்துன தண்ணி இவியளை இந்த வாசப்படிக்குள்ள சேக்காதா?”